தையல் மேசை: பாதியில் நிற்கும் போர்வையும் வரிசையில் காத்திருக்கும் ரவிக்கைகளும்

பழைய பருத்திச் சேலைகளைக் கொண்டு ஒட்டுத்துணிப் போர்வை, அதாவது குயில்ட், தைக்கும் முறையை இப்பகுதியில் முன்பு எழுதியிருந்தேன். துண்டுகளை இணைத்த மேல்துணி, நடுத்துணி, அடித்துணி என்னும் மூன்று அடுக்குகளையும் சேர்த்துத் தைப்பதையே குயில்ட் செய்வது என்கிறோம். எப்படித் தொடங்குவது என்று கேட்டு வரும் கடிதங்களைவிட, தொடங்கியதை எப்படி முடிப்பது என்று கேட்டு வரும் கடிதங்களே அதன்பின் மிகுதி. அவற்றுள் ஆறினை இம்முறை எடுத்துக்கொண்டிருக்கிறேன். முதல் கடிதத்துக்கான பதிலில் மற்றவர்களுக்கும் பயன்படும் செய்திகள் பல இருப்பதால், அதை மட்டும் விரிவாகவே எழுதுகிறேன்.

கேள்வி: வீட்டிலிருந்தபடியே ரவிக்கை தைத்துக் கொடுக்கிறேன். என் அம்மாவின் பழைய கைத்தறிச் சேலைகளை வெட்டி, மகளுக்காக 2019-ஆம் ஆண்டு ஒரு குயில்ட் தொடங்கினேன். தைத்து முடித்தபின் பத்து அங்குலம் வரும் சதுரங்கள் நாற்பத்தெட்டு. 60-க்கு 80 அங்குலத்தில் போர்வை என்பது திட்டம். முப்பத்தைந்து சதுரங்கள் தயாராயின. அதற்கு மேல் நகரவில்லை. இப்போது மகளுக்குப் பெங்களூரில் வேலை கிடைத்திருக்கிறது. தை மாதம் அவள் கிளம்பும்போது கையில் கொடுத்தனுப்ப ஆசைப்படுகிறேன். ஆனால் பன்னிரண்டு ரவிக்கைகள், அண்ணன் பேத்திக்கு ஒரு பட்டுப் பாவாடை சட்டை, ஃபால்ஸ் வைக்க வேண்டிய சேலைகள், வீட்டுக்குத் திரைச்சீலைகள் என்று வேலை குவிந்து கிடக்கிறது. எல்லாவற்றையும் முடித்துவிட்டுப் போர்வையைத் தொடலாம் என்று நினைத்தே ஆண்டுகள் ஓடிவிட்டன. நான் என்ன செய்யட்டும்?
– வாசகி, ஈரோடு

பதில்: அன்புச் சகோதரிக்கு, கூலிக்குத் தைப்பவருக்கு ‘எல்லாம் முடிந்த பிறகு’ என்றொரு நாள் வருவதே இல்லை. ஒரு முகூர்த்தம் முடியும் முன்பே அடுத்த முகூர்த்தத்துக்கான துணிப்பை வாசலுக்கு வந்துவிடுகிறது. ரவிக்கை கொடுத்தவர் சொன்ன நாளில் கிடைக்காவிட்டால் நேரில் வந்து நிற்பார். போர்வைக்காக உங்கள் வாசலில் யாரும் வந்து நிற்கப் போவதில்லை. ஆகவே முதல் வேலையாக, அளவுகள் குறித்து வைக்கும் ஆர்டர் நோட்டிலேயே மகளின் பெயரை எழுதி, எதிரே கொடுக்க வேண்டிய தேதியையும் எழுதிவிடுங்கள். இதை விளையாட்டாகச் சொல்லவில்லை. ஒரு வாடிக்கையாளரின் வேலையாகக் கணக்கில் ஏறியிருந்தால்தான், புதிதாக ஒருவர் வந்து பொங்கலுக்குள் வேண்டுமென்று கேட்கும்போது, கையில் இடமில்லை என்று மனம் கூசாமல் சொல்ல வரும்.

அடுத்தது, மிச்சமிருக்கும் வேலையைக் குறைப்பது. பதின்மூன்று சதுரங்கள் பாக்கி என்று நீங்கள் எண்ணுகிறீர்கள். என் கணக்கில் ஒன்றுகூடப் பாக்கியில்லை. முப்பத்தைந்து சதுரங்களை அகலத்தில் 5, நீளத்தில் 7 என்று அடுக்கினால் 50-க்கு 70 அங்குலம் வருகிறது. சுற்றிலும் 4 அங்குல அகலத்தில் ஒரே துணியால் கரை வைத்தால் 58-க்கு 78 அங்குலம். மூன்றடி அகலமும் ஆறேகால் அடி நீளமும் உள்ள ஒற்றைக் கட்டிலில் விரித்தால் இரு பக்கமும் 11 அங்குலம் தொங்கும். வாடகை அறையில் தங்கப்போகும் பெண்ணுக்கு இதைவிடப் பெரிய போர்வை, துவைக்கவும் உலர்த்தவும் தொல்லையாகவே இருக்கும். முதலில் போட்ட திட்டத்தில் ஓர் அங்குலமும் குறையக்கூடாது என்ற பிடிவாதத்தால் பெட்டியிலேயே முடங்கிப்போன போர்வைகள் ஏராளம். உங்களுடையதும் அவற்றோடு சேர வேண்டியதில்லை.

அடித்துணிக்கும் கரைக்கும் கடைக்குப் போக வேண்டாம். அடித்துணி, மேல்துணியைவிட ஒவ்வொரு பக்கமும் 4 அங்குலம் கூடுதலாக இருக்க வேண்டும் என்பதால் உங்களுக்குத் தேவை 66-க்கு 86 அங்குலம். ஐந்தரை மீட்டர் சேலை ஏறத்தாழ 216 அங்குல நீளம். அதில் 86 அங்குலத்தில் இரண்டு துண்டுகள் வெட்டி, இருபுறக் கரைகளையும் நீக்கி, நீளவாக்கில் அருகருகே வைத்தால் 80 அங்குல அகலம் கிடைக்கும். 66 போக மிஞ்சும் நீளப் பட்டையையும், சேலையில் எஞ்சும் 44 அங்குலத் துண்டையும் சேர்த்தால், சுற்றுக்கரைக்கு வேண்டிய நாலரை அங்குலப் பட்டைகளும் கடைசியில் மடித்துத் தைக்கும் ஓரப்பட்டியும் அதே சேலையில் அடங்கிவிடும். ஓரப்பட்டிக்கு இரண்டரை அங்குல அகலத்தில், சேலையின் அகலவாக்கில் எட்டுப் பட்டைகள் போதும். ஏழு போதுமென்று தோன்றும், ஆனால் சாய்வாக இணைக்கும்போது ஒவ்வோர் இணைப்பிலும் இரண்டரை அங்குலம் போய்விடும். வெட்டுவதற்கு முன் சேலையைச் சன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். கொசுவம் செருகும் இடத்திலும் பாதம் உரசும் கீழ்ப்பகுதியிலும் இழை இளைத்திருந்தால், அந்த இடங்களைத் தவிர்த்து வெட்டுங்கள். தவிர்க்க முடியாதபடி சேலை முழுவதுமே தேய்ந்திருந்தால் வேறு சேலை தேடுங்கள். சரிகைக் கரையைப் போர்வையில் எங்கும் சேர்க்காதீர்கள். அது தோலில் உறுத்தும். துவைக்கத் துவைக்கக் கறுக்கும்.

நடுவில் என்ன வைப்பது என்பதில்தான் பலர் மாதக்கணக்கில் தயங்குகிறார்கள். பெங்களூரில் டிசம்பர், ஜனவரி இரவுகளில் வெப்பம் 15, 16 டிகிரி அளவுக்கே இறங்கும். அதற்குப் பலமுறை துவைத்து மென்மையான பருத்திப் படுக்கை விரிப்போ, ஒரு ஃபிளானல் துணியோ நடுவில் இருந்தால் போதுமானது. நெய்த துணியை நடுவில் வைப்பதில் இன்னொரு வசதியும் உண்டு: அது எங்கும் நகர்ந்து திரளாது, ஆகையால் தையல் வரிகள் நெருக்கமாக இருக்க வேண்டியதில்லை. பாலியெஸ்டர் பஞ்சு விரிப்பு வைத்தால் நான்கு அங்குலத்துக்கு ஒரு வரியாவது ஓட வேண்டும். வீட்டில் இருக்கிறதே என்று இலவம் பஞ்சை மட்டும் எடுத்துவிடாதீர்கள். தலையணைக்கு அது அருமையானது. ஆனால் இழை வழவழப்பாக இருப்பதால் ஒன்றையொன்று பற்றாது, முதல் சலவையிலேயே மூலைக்கு மூலை உருண்டுவிடும்.

இனி நேரத்தைப் பற்றி. ஒரு ரவிக்கையை வெட்டி, தைத்து, ஹூக் வைத்து, ஓரம் மடித்து முடித்த பிறகே அடுத்த ரவிக்கையைத் தொடுவது பலருடைய வழக்கம். பல வேலைகளை ஒருங்கே சுமப்பவருக்கு அந்த முறை ஒத்துவராது. வெட்டுவதற்கு மேசையும் பகல் வெளிச்சமும் வேண்டும். மெஷின் வேலைக்கு இடையூறில்லாத நேரம் வேண்டும். மடியில் வைத்துச் செய்யும் கைவேலைக்கு உட்கார ஓர் இடமிருந்தால் போதும். போர்வையின் மூன்று அடுக்குகளையும் இணைக்கும் வேலைக்கு மட்டும் கூடத்துத் தரை முழுவதும் ஒரு பகல் உங்கள் வசம் இருக்க வேண்டும். உங்கள் வேலைகளை ஆடைவாரியாகப் பார்க்காமல் இந்த நான்கு வகையாகப் பிரித்துப் பாருங்கள். பன்னிரண்டு ரவிக்கைகளையும் போர்வையின் கரைப் பட்டைகளையும் ஒரே பகலில் வெட்டிவிடலாம். ஹூக்குகளும் ஃபால்ஸின் கைத்தையலும் போர்வையின் ஓரப்பட்டியும் ஒரே கூடையில் இருந்து, மாலை நேரங்களில் ஒன்றன்பின் ஒன்றாக வெளியே வரலாம். பட்டுப் பாவாடையை மட்டும் எல்லாவற்றுக்கும் முன்பே முடித்து, உறையிலிட்டு உயரே வைத்துவிடுங்கள். வெட்டிய பருத்தியின் பிசிறும் பட்டும் ஒரே மேசையில் இருப்பது நல்லதில்லை.

போர்வையின் மெஷின் வேலையில் ஒரு பகுதி, தனி நேரம் ஒதுக்காமலே முடிந்துவிடக் கூடியது. 5 சதுரங்கள் கொண்ட 7 வரிசைகளை இணைக்க மொத்தம் இருபத்தெட்டுச் சிறு தையல்களும், பிறகு ஆறு நீளத் தையல்களும் தேவைப்படுகின்றன. அந்த இருபத்தெட்டு இணைப்புகளையும் ஊசி குத்தி மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு தட்டில் வைத்துக்கொள்ளுங்கள். ரவிக்கையின் ஒரு தையல் முடிந்ததும் நூலை அறுக்காமல் ஓர் இணைப்பை ஊசிக்கடியில் செலுத்தித் தைத்துவிட்டு, பிறகு ரவிக்கைக்குத் திரும்புங்கள். தையல் உள்ளே மறைந்துவிடுவதால் நூலின் நிறம் பெரிதாகத் தெரியாது. வெளிர் துணிக்குப் பின்னால் கறுப்பு நூல் மட்டும் கூடாது. நீங்கள் கவனிக்காமலே தட்டு காலியாகியிருக்கும். இஸ்திரி போடும்போது, முதல் வரிசையின் தையல் விளிம்புகளை வலப்புறமும் அடுத்த வரிசையின் விளிம்புகளை இடப்புறமும் மடித்து அழுத்தினால், வரிசைகளை இணைக்கையில் மூலைகள் தாமாகவே ஒன்றோடொன்று பொருந்தும்.

மார்கழியில் முகூர்த்தம் கிடையாது. தை முகூர்த்தத் துணிகள் வந்து குவிவதற்கு முன், மார்கழியின் முதல் வாரத்தில் ஒரு பகலைத் தரை வேலைக்கென்று ஒதுக்கிவிடுங்கள். வீட்டார் அனைவருக்கும் முன்கூட்டியே சொல்லியும் வையுங்கள். தரையைத் துடைத்துக் காயவிட்டு, அடித்துணியின் உள்பக்கம் மேலே இருக்கும்படி விரித்து, விளிம்புகளில் டேப் ஒட்டுங்கள். துணி சுருக்கமின்றி இருக்க வேண்டும், ஆனால் இழுபட்டு விறைப்பாக இருக்கக் கூடாது. இழுத்து ஒட்டினால் டேப்பை எடுத்த உடனே துணி தன் அளவுக்குச் சுருங்கி, மேல்துணியில் மடிப்பு விழும். அதன் மேல் நடுத்துணி, அதற்கும் மேல் சதுரங்கள் இணைத்த மேல்துணி. நடுவிலிருந்து தொடங்கி வெளிநோக்கி, நான்கு விரற்கடைக்கு ஒன்றாக ஊக்குக் குத்துங்கள், அல்லது நீளத் தையலாக இழையோட்டுங்கள். விளிம்பிலிருந்து தொடங்கியவர்களின் போர்வையில்தான் நடுவில் புடைப்பு நிற்கும்.

மெஷினில் மூன்று அடுக்கையும் ஓட்டும்போது ஊசியை 16-ஆம் எண்ணுக்கு மாற்றுங்கள். பருத்தி ரவிக்கைக்கான 14-ஆம் எண் சமாளிக்கும் என்றாலும், பட்டுக்கு வைக்கும் 11 நிச்சயம் ஒடியும். அழுத்தத்தைக் குறைக்கும் திருகைச் சற்றுத் தளர்த்தி, அங்குலத்துக்கு எட்டுத் தையல் வரும்படி நீளத்தைக் கூட்டுங்கள். போர்வையை இரு பக்கமும் சுருட்டி, நடுத் தையல் கோட்டின் மீதே முதல் வரியை ஓட்டுங்கள். அதற்கு வலப்புற வரிகளை முடித்துவிட்டுப் பிறகு திருப்பி இடப்புறத்துக்குப் போங்கள். மெஷினுக்கு இடப்பக்கம் ஒரு மேசையோ நாற்காலிகளோ இருந்து போர்வையின் கனத்தைத் தாங்க வேண்டும்; கனம் கீழே தொங்கினால் வரி கோணும். உங்களிடம் காலால் மிதிக்கும் பழைய மெஷின் இருந்தால், மோட்டார் மெஷினைவிட அதையே இந்த வேலைக்கு நான் பரிந்துரைப்பேன். ஒவ்வொரு தையலாக நிறுத்தி நிறுத்திப் போக அதைப்போல வசதியானது வேறில்லை. சதுரங்களின் தையல் கோடுகள் மீது மட்டும் ஓட்டினாலே நெய்த நடுத்துணிக்குப் போதுமானது. அதற்கும் நேரமில்லையா? ஆறு இழை எம்ப்ராய்டரி நூலால் ஒவ்வொரு சதுரத்தின் நடுவிலும், நான்கு சதுரங்கள் சந்திக்கும் ஒவ்வொரு மூலையிலும் முடிச்சுப் போட்டுவிடுங்கள். மொத்தம் 59 முடிச்சுகள்தான். கம்பளி அடைத்த போர்வைகளையும் மெத்தைகளையும் உலகின் பல பகுதிகளில் இப்படித்தான் காலங்காலமாக நிறுத்திவைத்திருக்கிறார்கள். இது குறுக்குவழி என்று யாரும் முகம் சுளிக்கத் தேவையில்லை.

திரைச்சீலை காத்திருக்கட்டும்.

கேள்வி: வெள்ளைப் பின்னணியில் சிவப்புச் சுங்குடித் துண்டுகளை வைத்து மேல்துணியை முடித்துவிட்டேன். வெட்டும் முன் துவைக்கவில்லை. ஈரக்கையால் தொட்டாலே சாயம் ஒட்டுகிறது. இந்தப் பயத்தாலேயே அடுத்த கட்டத்துக்குப் போகாமல் வைத்திருக்கிறேன். உப்போ படிகாரமோ போட்டு ஊறவைத்தால் சாயம் நிற்குமா?
– வாசகி, மதுரை

பதில்: நிற்காது. படிகாரத்தால் சிவப்பு நிலைக்கும் என்பது நம் ஊரின் பழைய அறிவுதான்; ஆனால் அது சாயம் ஏற்றும் முன்பு செய்ய வேண்டிய வேலை. சோழமண்டலக் கரையின் கைவினைஞர்கள் துணியில் முதலில் படிகாரத்தை ஏற்றி, அதன்பிறகு சாயவேரில் காய்ச்சினார்கள். அந்தச் சிவப்பு, 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் கப்பலேறி ஐரோப்பாவுக்குச் சென்று, அங்கே குயில்ட்டுகளாகவும் கட்டில் விரிப்புகளாகவும் தைக்கப்பட்டது. லண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ள அத்தகைய துணிகளில் இன்றும் சிவப்பாகவே இருக்கிறது. இன்று கடையில் கிடைக்கும் பெரும்பாலான துணிகளில் இருப்பது செயற்கைச் சாயம். அதில் பிடிக்காமல் மிஞ்சி நிற்பதைத் துவைத்து வெளியேற்றுவது ஒன்றே வழி. பிறகு போடும் உப்போ வினிகரோ அதைக் கட்டிப்போடாது.

மேல்துணியைத் தனியாக இப்போது துவைக்காதீர்கள், விளிம்புகள் பிசிறு பிரிந்து கால் அங்குலத் தையல் விட்டுப்போகும். போர்வையை முழுவதுமாக முடித்து, ஓரப்பட்டியும் தைத்த பிறகு, பெரிய தொட்டியில் போர்வை நன்கு மிதக்கும் அளவுக்குக் கைபொறுக்கும் சூட்டில் நிறையத் தண்ணீர் நிரப்பி, திரவச் சோப்பைத் தாராளமாகக் கலந்து, துணி முழுவதும் தண்ணீருக்கடியில் இருக்கும்படி ஊறவையுங்கள். தண்ணீர் சிவந்ததும் மாற்றுங்கள். தெளியும்வரை மாற்றிக்கொண்டே இருங்கள். வெளியேறிய சாயம் வெள்ளையில் ஒட்டாமல் தண்ணீரிலேயே நிற்பதற்குத்தான் அவ்வளவு தண்ணீரும் சோப்பும். வெள்ளையில் ரோஜா நிறம் ஏறியிருப்பதைக் கண்டால் பதறி வெயிலில் போட்டுவிடாமல், ஈரம் காயும் முன்பே மறுபடி ஊறவையுங்கள். காய்ந்துவிட்டால் போக்குவது மிகவும் கடினம்.

கேள்வி: மூன்று அடுக்கையும் ஊக்குகளால் இணைத்து, பாதி குயில்ட் செய்த நிலையில் நிறுத்தி, பிளாஸ்டிக் பையில் கட்டிப் பீரோ மேல் வைத்துவிட்டேன். சில ஆண்டுகளுக்குப் பின் இப்போது பிரித்துப் பார்த்தால் ஊக்குகளைச் சுற்றித் துருக்கறை. கோடு வரைந்த நீலப் பேனாவின் தடமும் அப்படியே இருக்கிறது. தூக்கி எறிந்துவிடலாமா?
– வாசகி, தூத்துக்குடி

பதில்: எறிய வேண்டாம். கடற்கரை ஊரின் ஈரக்காற்றும் காற்றோட்டமில்லாத பிளாஸ்டிக்கும் சேர்ந்தால் எந்த ஊக்கும் துருப்பிடிக்கும். ஊக்கை வெடுக்கென்று இழுக்காமல், துரு இழையில் ஒட்டியிருக்கும் இடத்தில் ஒரு சொட்டு நீர்விட்டு மெல்ல உருவுங்கள். வெள்ளைத் துணியில் உள்ள கறைக்கு எலுமிச்சைச் சாறும் உப்பும் வைத்து வெயிலில் சற்று நேரம் காட்டி அலசினால் பெரும்பாலும் மங்கும். நிறத் துணியில் மறைவான ஓர் ஓரத்தில் சோதித்துப் பார்த்த பிறகே செய்யுங்கள். குளோரின் கலந்த வெளுப்பான் பக்கமே போகாதீர்கள், அது துருவை இன்னும் ஆழமாக்கும். கறை போகாத இடத்தில் ஒரு சிறு பூவையோ இலையையோ துணியில் வெட்டி மேலே வைத்துத் தைத்துவிடலாம்.

நீல மையைப் பொறுத்தவரை, இஸ்திரிப் பெட்டி படுவதற்கு முன் வெறும் குளிர்ந்த நீரில் அலசுங்கள். சூடு பட்டால் அவ்வகை மை நிலைத்துவிடக்கூடும். இவ்வளவு காலம் கிடந்த நூலையும் ஒருமுறை சோதியுங்கள்: ஒரு முழம் உருவிச் சட்டென்று இழுத்தால் பஞ்சுபோல் அறுந்தால், அந்தக் கண்டு இனி இழையோட்டுவதற்குக்கூட ஆகாது. மறுபடி நிறுத்திவைக்க நேருமானால் ஊக்குகளை நீக்கி நூலால் இழையோட்டி, மடிக்காமல் சுருட்டி, பழைய பருத்தி வேட்டியில் சுற்றி வையுங்கள்.

கேள்வி: என் தாயார் காகிதத்தின் மேல் துணியைச் சுற்றி, அறுகோணத் துண்டுகளாக இணைத்துப் பெரிய போர்வை ஒன்று தைத்துவந்தார். பாதியில் மறைந்துவிட்டார். என் தையல் அவருடையதுபோல் நுணுக்கமாக வராது. நான் தொட்டுக் கெடுத்துவிடுவேனோ என்று தயங்குகிறேன்.
– வாசகி, கும்பகோணம்

பதில்: உங்கள் தையல் அவருடையதுபோல் இருக்க வேண்டுமென்று ஏன் நினைக்கிறீர்கள்? இரண்டு கைகள் செய்த வேலை இரண்டு விதமாகத்தான் இருக்கும். அதை மறைப்பதற்காக அவர் தைத்ததைப் பிரித்துவிடாதீர்கள் என்பதே என் வேண்டுகோள். முதலில் அவர் இணைத்து முடித்த பகுதியை அளந்து பாருங்கள். கட்டிலுக்கான அளவு வராவிட்டாலும், குழந்தைப் போர்வைக்கோ சுவரில் மாட்டும் அளவுக்கோ அது ஏற்கெனவே போதுமானதாக இருக்கலாம். பெரிதாக்க விரும்பினால், அவருடைய பகுதியை ஒரே துணியின் நடுவில் வைத்துத் தைத்து, சுற்றிலும் அகலக் கரை கொடுங்கள். அறுகோணங்களை நீங்கள் தொடரவே வேண்டியதில்லை.

நான்கு பக்கமும் அண்டைத் துண்டு இணைந்தால் போதுமென்று காகிதத்தை உருவிவிடாதீர்கள். ஆறு பக்கமும் இணைந்த துண்டின் காகிதத்தை மட்டுமே எடுக்கலாம். எடுத்த காகிதங்களை வீசும் முன் ஒருமுறை பாருங்கள். பழைய நாளிதழையோ நாட்காட்டியையோ அவர் வெட்டியிருந்தால், எந்த ஆண்டில் தைத்தார் என்பது அதிலேயே அச்சாகியிருக்கும். போர்வை முடிந்ததும் அந்த ஆண்டையும், நீங்கள் முடித்த ஆண்டையும், இருவர் பெயரையும் ஒரு வெள்ளைத் துணியில் அழியாத மையால் எழுதிப் பின்பக்க மூலையில் தைத்துவிடுங்கள்.

கேள்வி: இங்கே லாங்-ஆர்ம் என்னும் பெரிய குயில்ட் மெஷின் வைத்திருப்பவர்களிடம் மேல்துணியைக் கொடுத்தால் குயில்ட் செய்து தருகிறார்கள். என்னிடம் முடிந்த மேல்துணிகள் நான்கு கிடக்கின்றன. பேரக்குழந்தைகளுக்கான உடைகளும் இடையிடையே தைக்கிறேன். வெளியே கொடுத்தால் அதை நான் தைத்தது என்று சொல்லிக்கொள்ளலாமா?
– வாசகி, ஸ்கார்பரோ, கனடா

பதில்: தாராளமாகச் சொல்லலாம், செய்தவரின் பெயரையும் சேர்த்துச் சொன்னால் போதும். மெஷினில் குயில்ட் செய்வது குறைவான வேலை என்ற எண்ணம் ஒருகாலத்தில் வலுவாக இருந்தது உண்மைதான். 1989-இல் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்துப் படூக்கா நகரில் நடந்த குயில்ட் போட்டியில், கேரில் பிரையர் ஃபாலர்ட் மெஷினில் குயில்ட் செய்த படைப்பு தலைமைப் பரிசைப் பெற்றபோது பெரும் சர்ச்சை எழுந்தது. அதன்பின் அந்தப் பேச்சு மெல்ல அடங்கிவிட்டது.

நான்கையும் ஒரே நேரத்தில் கொடுக்காமல், குளிருக்கு முதலில் வேண்டியது எதுவோ அதை மட்டும் கொடுங்கள். கட்டணம் பெரும்பாலும் சதுர அங்குலக் கணக்கில் இருக்கும் என்பதால் அளவை எடுத்துக்கொண்டு போய்க் கேளுங்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தைய மாதங்களில் வரிசை நீளமாக இருக்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள். அடுக்குகளை நீங்கள் இணைத்துக் கொடுக்கக் கூடாது. அந்த மெஷினில் மேல்துணியும் அடித்துணியும் தனித்தனி உருளைகளில் ஏற்றப்படும். தொங்கும் நூல்களை நறுக்கி, இஸ்திரி போட்டு, அடித்துணியையும் நடு விரிப்பையும் ஒவ்வொரு பக்கமும் 4 அங்குலம் கூடுதலாக வைத்துக் கொடுங்கள். அங்குள்ள குளிருக்குப் பருத்தி 80, பாலியெஸ்டர் 20 என்று கலந்த விரிப்போ கம்பளி விரிப்போ பொருத்தமானது. ஓரப்பட்டியை மட்டும் திரும்பி வந்த பிறகு நீங்களே கையால் தையுங்கள்.

கேள்வி: ஒரே நேரத்தில் நான்கு வேலைகளைத் தொடங்குவது என் சுபாவம். மாற்றிக்கொள்ள முடியவில்லை. கட்டம் கட்டமாக நின்றுபோகாத குயில்ட் முறை ஏதேனும் உண்டா?
– வாசகி, திருச்சி

பதில்: உண்டு, அதுவும் பக்கத்து மாநிலத்திலேயே. கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில், யெல்லாப்பூர், ஹளியாள் பகுதிகளில் வாழும் சித்திப் பெண்கள் கவந்தி என்னும் போர்வையைத் தைக்கிறார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்களின் வழித்தோன்றல்கள் இவர்கள். பழைய சேலை ஒன்றைக் கீழே விரித்து, ஒரு மூலையில் தொடங்கி, துணித்துண்டுகளை விளிம்பு மடித்து அதன் மேல் வைத்து, அடுக்குகள் அனைத்தையும் சேர்த்தே ஓட்டுத்தையல் போட்டுக்கொண்டு ஓரமாகச் சுற்றி வருவார்கள். சுற்றுச் சுற்றாக உள்நோக்கிப் போய், தையல் நடுவை எட்டும்போது போர்வையும் முடிந்திருக்கும். மூலைகளில் முக்கோணமாக மடித்துத் தைக்கும் ஃபூலா என்னும் சிறு துண்டுகள் இல்லாமல் போர்வையை முழுமையானதாக அவர்கள் கருதுவதில்லை.

இந்த முறையில் மேல்துணி என்று தனியாக ஒன்று இல்லை, தரையில் விரித்து இணைக்கும் நாள் இல்லை, தனி ஓரப்பட்டி இல்லை, மெஷினும் தேவையில்லை. தொடக்கம் முதல் கடைசிவரை ஒரே வேலைதான் என்பதால், எந்த இடத்தில் நிறுத்தினாலும் அதே இடத்தில் ஊசியைக் குத்தித் தொடரலாம். ரவிக்கையை வெட்டிவிட்டுச் சற்று ஓய்வாக உட்காரும்போது மடியில் எடுத்துவைத்துக்கொள்ளவும் ஏற்றது. தையல் வரிகள் விரற்கடை அகலத்துக்குள் நெருக்கமாக வருவதால் நேரம் பிடிக்கும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம். கட்டில் அளவில் ஆரம்பிக்காமல், 36-க்கு 36 அங்குலத்தில் ஒரு குழந்தைப் போர்வையாகத் தொடங்குங்கள். துண்டுகளுக்குப் புதுத்துணி வாங்க வேண்டாம். நின்றுபோன உங்கள் மற்ற வேலைகளில் மிஞ்சிய துணிகளே அதற்குப் போதுமானவை.